கடையைத் திறப்பதா, பூட்டுவதா: நடுநிலை நாடு போருக்குள் இழுபடும் கணக்கு

1782 ஜனவரி 11 அன்று திருகோணமலையின் ஒஸ்டன்பேர்க் கோட்டையை ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள். ஆகஸ்ட் 31 இல் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் திருகோணமலையை ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார். மூன்று நாள் கழித்து இரு கடற்படைகளும் எங்கள் கரைக்கு அப்பால் பீரங்கிகளால் மோதிக்கொண்டன. எட்டு மாதத்துக்குள் ஓர் ஊர் மூன்று கொடிகளைப் பார்த்தது. இத்தனைக்கும் அது அமெரிக்கச் சுதந்திரப் போர்; தொடங்கிய இடம் வட அமெரிக்கா. தொடங்கியபோது ஒல்லாந்து அதில் நடுநிலை நாடு.

சண்டை வேண்டாம், வியாபாரம் போதும் என்றிருந்த நாடு எப்படி உள்ளே இழுபட்டது? அதன் முன் வேறு என்ன வழிகள் இருந்தன? அவற்றுள் எது தேறியிருக்கும்? இதே கேள்வியை 1917 இன் அமெரிக்காவிடமும் கேட்கலாம். உலகமே கண்வைக்கும் துறைமுகம் ஒன்றை மடியில் வைத்திருக்கும் எங்கள் தீவும் ஒருநாள் இதற்குப் பதில் சொல்ல வேண்டி வரும் என்பதால், அந்த வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

அதற்கு முன் ஒரு கடை. எங்கள் உள்நாட்டுப் போர் நடந்த ஆண்டுகளில் பெரியப்பா திருகோணமலையில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். அரிசி, பருப்பு, சவர்க்காரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மண்ணெண்ணெய்தான் வில்லங்கம். கடையின் பின்பக்கம் நீல நிறப் பீப்பாய், அதன் வாயில் தகரப் புனல், பக்கத்தில் எண்ணெய்க் கறை படிந்த ஒரு சீ.ஆர். கொப்பி. வாங்கியவர் பெயர், போத்தல் எண்ணிக்கை, திகதி எல்லாம் அதில் இருக்கும். ஒரு தரப்பு வந்து கொப்பியைப் புரட்டி, “இவனுக்கு ஏன் கொடுத்தாய்?” என்றது. மறு தரப்பு இருட்டிய பிறகு வந்து, “எங்கள் ஆட்களுக்கு ஏன் குறைத்தாய்?” என்றது. பெரியப்பா கரும்பலகையில் ‘ஆளுக்கு இரண்டு போத்தல்’ என்று எழுதித் தொங்கவிட்டார். அதுவும் பலிக்காமல் மண்ணெண்ணெய் விற்பதையே நிறுத்தினார். அப்போதும் விடவில்லை. “யார் சொல்லி நிறுத்தினாய்?” என்று கேட்டார்கள்.

பெரியப்பா யார் பக்கமும் இல்லை என்பது இரு தரப்புக்கும் தெரியும். அவர்கள் பார்த்தது பீப்பாயை.

நாடுகளுக்கும் இதுதான் நடக்கிறது. போரிடுகிறவன் நடுநிலையாளனின் மனத்தை அளப்பதில்லை. இவன் வெளியே நிற்பதால் எனக்கு வரும் கேடு பெரிதா, எதிரியாகிவிட்டால் வரும் கேடு பெரிதா என்று அளக்கிறான். முதலாவது பெரிது என்று தோன்றும் நாளில் நடுநிலை முடிகிறது. அந்த முடிவு பெரும்பாலும் நடுநிலை நாட்டின் தலைநகரில் எடுக்கப்படுவதில்லை.

முதல் வழி, எல்லோருக்கும் விற்பது. பாரதப் போரில் இரு படைக்கும் பெருஞ்சோறு அளித்தான் என்று சேரமான் உதியஞ்சேரலாதனைப் போற்றுவது எங்கள் மரபு. இரு பக்கத்தாரும் வந்து உட்காரக்கூடிய இடத்தில் பந்தி இருந்தால் அது தகும். ஒரு பக்கத்துக்கு வழி அடைபட்டுவிட்டால், அதே பந்தி மறுபக்கத்தின் சமையற்கட்டு ஆகிவிடும். முதல் உலகப் போர் தொடங்கிய 1914 இல் அமெரிக்காவுக்கு நடந்தது அதுதான். ஜனாதிபதி வில்சன் நடுநிலையை அறிவித்தார். எந்த நாடும் வந்து வாங்கலாம். ஆனால் கடலை பிரித்தானியக் கடற்படை அடைத்திருந்தது. ஜேர்மனிக்குப் போகும் சரக்கு ஏறக்குறைய நின்றே போயிற்று. பிரித்தானியா, பிரான்ஸ் முதலிய நேச நாடுகளுக்குப் போனதோ 1914 க்கும் 1916 க்கும் இடையில் ஏறத்தாழ நான்கு மடங்காகியது. கடனும் அப்படியே. 1917 ஏப்ரலுக்குள் அமெரிக்க வங்கிகளும் முதலீட்டாளரும் நேச நாடுகளுக்குக் கொடுத்தது 200 கோடி டொலருக்கு மேல்; ஜேர்மனிக்கு 3 கோடி டொலர்கூட இல்லை.

இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. தனியார் வியாபாரிகள் ஆயுதம் விற்பதைத் தடுக்கும் கடமை நடுநிலை நாட்டுக்கு இல்லை என்று 1907 இன் ஹேக் உடன்படிக்கையே சொல்கிறது. சட்டம் அமெரிக்காவின் பக்கம். கணக்கு ஜேர்மனியின் பக்கம். 1917 ஜனவரி 9 அன்று ஜேர்மன் தலைமை ஒரு முடிவுக்கு வந்தது. பிரித்தானியாவைச் சுற்றிய கடலில் எந்த நாட்டுக் கப்பலானாலும் எச்சரிக்கையின்றி மூழ்கடிப்பது. மாதம் 600,000 தொன் மூழ்கினால் ஐந்து மாதத்தில் பிரித்தானியா பணியும். இதனால் அமெரிக்கா போருக்குள் வரும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. வரட்டும், அதன் படை கடல் கடந்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும், நடுநிலையாக நின்று செய்வதைவிட அதிகமாக என்ன செய்துவிடப் போகிறது என்று நினைத்தார்கள். அந்த நினைப்புத் தவறியது வேறு கதை. அமெரிக்காவின் நடுநிலை செத்தது அந்த ஜனவரியில். ஏப்ரல் 6 இல் நடந்தது சாவு அறிவித்தல்தான்.

ஒல்லாந்தின் கதையை இதன் பக்கத்தில் வைத்தால் அச்சில் வார்த்ததுபோல் இருக்கிறது. 1674 உடன்படிக்கைப்படி, ஆங்கிலேயரின் எதிரிக்கு ஆயுதம் தவிர்ந்த சரக்கை ஒல்லாந்துக் கப்பல்கள் ஏற்றிச் செல்லலாம். பாய்மர மரமும் தாரும் ஆயுதக் கணக்கில் சேராது. 1778 இல் பிரான்ஸ் அமெரிக்கர் பக்கம் இறங்கியதும் அந்த மரங்கள் பிரெஞ்சுப் போர்க்கப்பல்களுக்குப் போயின. கரிபியன் கடலில் சென்ட் யூஸ்டேஷியஸ் என்ற சிறு தீவு, ஒல்லாந்தரின் சந்தை, கிளர்ச்சிக்காரருக்கு வெடிமருந்து விற்றுக் கொழுத்தது. சட்டப்படி பார்த்தால் மரத்தில் ஒல்லாந்தர் குற்றமற்றவர்கள். ஆனால் லண்டனில் ஒருவர் அந்த மரங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

இங்கேதான் இரண்டாவது வழி வருகிறது: ஆயுதமேந்திய நடுநிலை. 1780 மார்ச்சில் ரஷ்யப் பேரரசி கெதரின், நடுநிலைக் கப்பல்களைச் சேர்ந்து காக்கும் கூட்டணி ஒன்றை அறிவித்தார். டென்மார்க்கும் சுவீடனும் இணைந்தன. ஒல்லாந்தும் இணைவதாக நவம்பரில் முடிவெடுத்தது. கேட்பதற்கு நல்ல யோசனை. ஆனால் பிரித்தானியாவின் கணக்கைத் தள்ளிவிட்டதே இந்த முடிவுதான். கூட்டணிக்குள் போய்விட்டால் அந்த மரக்கப்பல்களைத் தொடும்போதெல்லாம் ரஷ்யாவையும் தொட வேண்டும். எதிரியாக்கிவிட்டால் கண்ட இடத்தில் பிடிக்கலாம். அமெரிக்கத் தூதர் ஹென்றி லோரன்சைக் கடலில் பிடித்தபோது கிடைத்த, அம்ஸ்டர்டாம் நகரத்தாருடன் பேசிய வரைவு ஒப்பந்தத்தைச் சாட்டாக வைத்து, 1780 டிசம்பர் 20 இல் பிரித்தானியா போர் அறிவித்தது. நடுநிலை பற்றிய சண்டை என்றால்தானே கூட்டணி உதவ வேண்டும்? இது வேறு சண்டை என்று காட்டிவிட்டார்கள். கெதரின் ஒல்லாந்துக்காகப் படை அனுப்பவில்லை.

பிறகு நடந்தவை வரிசையாக நடந்தன. 1781 பெப்ரவரியில் சென்ட் யூஸ்டேஷியஸ் பிரித்தானியர் கையில். நவம்பரில் நாகப்பட்டினம். அங்கிருந்து பிரித்தானிய அட்மிரல் ஹியூஸ் நேரே எங்களிடம் வந்தார். 1784 இல் சமாதானம் ஆனபோது திருகோணமலை ஒல்லாந்தருக்குத் திரும்பியது; நாகப்பட்டினம் திரும்பவில்லை. பாக்கு நீரிணையின் இரு பக்கத்திலும் தமிழர் வாழ்ந்த இரண்டு துறைமுகங்கள், அத்திலாந்திக்கில் நடந்த மர வியாபாரத்துக்கு விலை கொடுத்தன. எங்கள் ஊரின் வரலாற்றைக் கோட்டைகளின் வரலாறாகவே சொல்லிப் பழகிவிட்டோம். இந்தப் பீப்பாய்க் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

கெதரினின் கூட்டணிக்கு 137 ஆண்டுகளுக்குப் பிறகு வில்சனும் அதே ஆயுதமேந்திய நடுநிலையை முயன்றார். 1917 பெப்ரவரி 26 இல் வணிகக் கப்பல்களுக்குப் பீரங்கி பொருத்த காங்கிரஸிடம் அனுமதி கேட்டார். செனட்டில் சிலர் பேசிப் பேசியே மசோதாவை முடக்கினார்கள். தம் அதிகாரத்தைக் கொண்டே மார்ச்சில் பொருத்தினார். அந்த மாதமே அமெரிக்கக் கப்பல்கள் அடுத்தடுத்து மூழ்கின. ஏப்ரல் 2 அன்று காங்கிரஸ் முன் நின்று, ஆயுதமேந்திய நடுநிலை எங்களைப் போருக்குள் கொண்டுபோய்விடும், ஆனால் போரிடும் நாட்டின் உரிமையையோ பலத்தையோ தராது என்று அவரே ஒப்புக்கொண்டார். இந்த வழியைப் பற்றி இதைவிடச் சரியான மதிப்பீடு எனக்குக் கிடைக்கவில்லை. உண்மையில் சுட்டு விழுத்தக்கூடிய பலம் இருந்தால் மட்டுமே இது வழி. இல்லாதவனுக்கு இது அழைப்பிதழ்.

மூன்றாவது, கடையைப் பூட்டுவது. இதற்கு அமெரிக்காவிலேயே முன்னுதாரணம் உண்டு. நெப்போலியன் போர்களின்போது பிரித்தானியாவும் பிரான்ஸும் அமெரிக்கக் கப்பல்களைப் பிடித்தன. 1807 டிசம்பரில் ஜனாதிபதி ஜெபர்சன் தம் நாட்டுக் கப்பல்கள் வெளிநாடு போவதையே தடை செய்தார். ஏற்றுமதி ஒரே ஆண்டில் சுமார் 108 மில்லியன் டொலரிலிருந்து 22 மில்லியனுக்கு விழுந்தது. துறைமுக நகரங்கள் காய்ந்தன, கள்ளக் கடத்தல் பெருகியது, 1809 இல் தடையை நீக்கினார்கள். 1812 இல் போர் எப்படியும் வந்தது. துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் ஊரில் இருந்துகொண்டு இந்த வழியை இலேசாகப் பரிந்துரைக்க எனக்கு வாய் வராது. இறங்குதுறையில் ஒரு மாதம் வேலை இல்லையென்றால் எத்தனை வீட்டில் அடுப்பு எரியாது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் முழுப் பூட்டுக்கும் முழுத் திறப்புக்கும் நடுவில் ஓர் இடம் இருந்தது. அதை 1915 இல் சுட்டிக்காட்டியவர் வில்சனின் இராஜாங்கச் செயலாளர் வில்லியம் ஜெனிங்ஸ் பிரையன். மே 7 அன்று ஜேர்மன் நீர்மூழ்கி தாக்கி, லூசித்தானியா என்ற பிரித்தானியப் பயணிகள் கப்பல் மூழ்கி 1,198 பேர் இறந்தார்கள்; அவர்களில் 128 பேர் அமெரிக்கர். கப்பலில் துப்பாக்கி ரவைகளும் இருந்தன. போர்ச்சரக்கு ஏற்றும் கப்பலில் அமெரிக்கர் பயணிக்க வேண்டாம், ஜேர்மனியிடம் கேட்கும் கணக்கை பிரித்தானிய முற்றுகையிடமும் கேட்போம் என்றார் பிரையன். போர்ச்சரக்கைப் பெண்களையும் குழந்தைகளையும் முன்னே நிறுத்திக் காக்கக் கூடாது என்பது அவர் வாதம். வில்சன் ஏற்கவில்லை. ஜூனில் பிரையன் பதவி விலகினார். போர் தொடங்கியபோது கடன் கொடுக்கக் கூடாது என்று தடுத்தவரும் அவர்தான். அந்தத் தடை படிப்படியாகத் தளர்ந்து, 1915 இலையுதிர் காலத்தில் 50 கோடி டொலர் கடன் வெளிப்படையாகவே கொடுக்கப்பட்டது. அதன் பிறகு நேச நாடுகளின் தோல்வி அமெரிக்க வங்கிகளின் தோல்வியும் ஆகியது. கடனுக்காகவே வில்சன் போருக்குப் போனார் என்று நான் சொல்ல மாட்டேன். திரும்பி வரும் வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டதில் அந்தக் கடனுக்குப் பங்கு உண்டு.

நான்காவது, சமாதானம் பேசுவது. 1916 தேர்தலில் ‘எங்களைப் போருக்கு வெளியே வைத்தவர்’ என்ற முழக்கத்தோடு வென்ற வில்சன், 1917 ஜனவரி 22 இல் வெற்றியற்ற சமாதானம் வேண்டும் என்று செனட்டில் பேசினார். முடிவு ஜேர்மனியில் ஏற்கெனவே எடுக்கப்பட்டு 13 நாள் ஆகியிருந்தது. மார்ச் 1 இல் ஜேர்மன் வெளியுறவுச் செயலாளர் சிம்மர்மனின் இரகசியத் தந்தி பத்திரிகைகளில் வந்தது: அமெரிக்கா போருக்குள் வந்தால் மெக்சிக்கோ சேர்ந்து தாக்க வேண்டும், டெக்சாஸ், நியூ மெக்சிக்கோ, அரிசோனா பரிசாகக் கிடைக்கும் என்று ஜேர்மனி சொல்லியிருந்தது. ஊர் கொதித்தது.

பெப்ரவரி இறுதியில் ஜேன் அடம்ஸ் உள்ளிட்ட சமாதானச் செயற்பாட்டாளர்கள் வில்சனைச் சந்தித்தார்கள். போரில் பங்கெடுத்த நாட்டின் தலைவனுக்குச் சமாதான மேசையில் நாற்காலி கிடைக்கும், நடுநிலை நாட்டின் தலைவன் கதவிடுக்கு வழியாகத்தான் குரல் கொடுக்க முடியும் என்று அவர் சொன்னதாக அடம்ஸ் பதிவு செய்திருக்கிறார். நாற்காலிக்கு 116,000 க்கும் மேற்பட்ட அமெரிக்கர் உயிர் விலையாயிற்று. வில்சன் கொண்டுவந்த வெர்சாய் உடன்படிக்கையை அவருடைய செனட்டே 1919 இலும் 1920 இலும் நிராகரித்தது. நாற்காலிக்காகப் போருக்குள் போவது என்ற வாதத்தை யார் வைத்தாலும், இந்தக் கணக்கை அருகில் வைத்துத்தான் நான் கேட்பேன்.

பேரம் பேசி உள்ளே போனவர்களும் உண்டு. நிலம் தருகிறோம் என்ற இரகசிய ஒப்பந்தத்தில் இத்தாலி 1915 இல் பக்கம் மாறியது. 1916 ஆகஸ்ட்டில் ருமேனியா இறங்கியது. டிசம்பரில் புக்கரெஸ்ட் எதிரியின் கையில். இந்த வழியைப் பற்றி இதற்கு மேல் பேச எனக்கு விருப்பமில்லை.

கடைசிவரை வெளியே நின்றவர்களையும் பார்க்க வேண்டும். அதே ஒல்லாந்து, நெதர்லாந்து என்ற பெயரில், முதல் உலகப் போரில் தப்பியது. எந்தச் சரக்கு வரும், எவ்வளவு, யாருக்கு மறுவிற்பனை ஆகாது என்பதைக் கண்காணிக்க வியாபாரிகளைக் கொண்டே ஓர் அமைப்பை உருவாக்கிக் கணக்குக் காட்டியது. பெரியப்பாவின் கொப்பியேதான். அப்போதும் இழப்பு இல்லாமல் இல்லை. 1918 மார்ச்சில், நடுநிலையாளரின் கடல் உரிமைக்காகப் போருக்கு வந்த அமெரிக்கா, பிரித்தானியாவோடு சேர்ந்து, தன் துறைமுகங்களில் நின்ற ஒல்லாந்துக் கப்பல்களைக் கைப்பற்றிக்கொண்டது. நோர்வே போரில் இறங்காமலே ஏறத்தாழ 2,000 மாலுமிகளை இழந்தது. 1940 இல் இரண்டு நாடுகளும் எவ்வளவு ஒழுங்காக நடந்தும் ஹிட்லரின் படை உள்ளே வந்தது. அங்கே பீப்பாய்க்கு வேலை இல்லை. கடை இருந்த நிலமே தேவைப்பட்டது. என் வாதத்தின் பலவீனமான இடம் இதுதான். அதை மறைக்க மாட்டேன்.

இனி எங்கள் துறைமுகம். சீனக்குடாவில் காட்டுக்குள் எண்ணெய்க் குதங்கள் நிற்கின்றன. முதலில் 101, இப்போது 99. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானம் ஒன்று ஒரு தாங்கியின் மேல் வந்து மோதியது. அந்த இடத்தில் துருப்பிடித்து நெளிந்த இரும்புத் தகடுகளைப் பார்த்திருக்கிறேன். கையால் தொட்டால் செம்பொடி ஒட்டும். இலங்கை அப்போது எந்தப் பக்கத்தையும் தேர்ந்தெடுக்கவில்லை. கடற்படைத் தளம் இங்கே இருந்தது, அதனால் குண்டும் இங்கே வந்தது. 1944 மார்ச் இறுதியில் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் சரட்டோகா இதே துறைமுகத்துக்கு வந்து, ஏப்ரலில் பிரித்தானியரோடு சேர்ந்து, சுமாத்திராவுக்கு அருகே ஜப்பானியர் வசமிருந்த சபாங் மீது தாக்குதல் நடத்தியது. ஏறக்குறைய இரண்டரை ஆண்டுக்கு முன்வரை போருக்கு வெளியே நின்ற நாட்டின் கப்பல் அது.

சுதந்திரத்துக்குப் பிறகும் பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி பிரித்தானியத் தளம் இங்கேயே இருந்தது; 1957 இல்தான் கைமாறியது. பிறர் தளத்தை வைத்துக்கொண்டு நடுநிலை பேசியிருந்தால் எந்த எதிரி நம்பியிருப்பான்? 1971 இல் இந்தியா தன் வான்வழியை மூடியதும் பாகிஸ்தான் விமானங்கள் கொழும்பு வழியாகப் பறந்து எரிபொருள் நிரப்பின. அதே ஆண்டு டிசம்பர் 16 இல், டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த அன்றே, இந்துமா கடலைச் சமாதான வலயமாக அறிவிக்கும் இலங்கையின் தீர்மானத்தை ஐ.நா. பொதுச்சபை ஏற்றது. அறிவிப்பு ஒரு கையில், எண்ணெய்க் குழாய் மறு கையில். 1987 இந்திய - இலங்கை உடன்பாட்டோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் திருகோணமலை பெயர் சொல்லியே இடம்பெற்றது தற்செயல் அல்ல.

ஒப்பிட்டு முடித்தபின் என் தேர்வு இது. சிறிய நாட்டுக்கு ஆயுதமேந்திய நடுநிலை பொருந்தாது. முழுப் பூட்டு எங்களையே பட்டினி போடும். எல்லோருக்கும் திறந்த கடை, கடலை ஆள்கிறவனின் கடையாகிவிடும். எஞ்சுவது, பிரையனும் நெதர்லாந்து வியாபாரிகளும் கண்ட நடுவழி: என்ன கொடுப்போம், எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்பதைப் போர் வருவதற்கு முன்பே எழுதி, எல்லோருக்கும் ஒரே அளவாக நிறைவேற்றுவது. அதற்கு முதல் நிபந்தனை, யாருடைய தளமும் இங்கே இல்லாமல் இருப்பது. சிறிய துறைமுகத்தால் இது முடியும் என்பதற்கு உருகுவேயின் மொண்டேவீடியோ சாட்சி. 1939 டிசம்பரில் அடிபட்ட ஜேர்மன் போர்க்கப்பல் கிராஃப் ஸ்பே அங்கே ஒதுங்கியபோது, உருகுவே 72 மணி நேரம் கொடுத்தது. ஜேர்மனி கூடுதல் நாள் கேட்டது, உருகுவே கொடுக்கவில்லை. கப்பலை அதன் கப்டனே வெளியே கொண்டுபோய் மூழ்கடித்தார். உருகுவே போர் அறிவித்தது 1945 இல்தான்.

பெரியப்பா பலகையை எழுதியது முதல் கேள்வி வந்த பிறகு. எண்ணெய் இறங்கிய அன்றே எழுதியிருக்க வேண்டும் என்று பின்னாளில் பலமுறை சொன்னார்.

2022 ஜனவரியில் குதங்களைப் பிரித்தார்கள்: 14 இந்திய நிறுவனத்திடம், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம், 61 இருவரும் சேர்ந்த கம்பனியிடம், 50 ஆண்டுக்கு. இதை நான் எதிர்க்கவில்லை. காட்டுக்குள் துருவேறிக் கிடந்தவை பயன்படட்டும். ஆனால் 2072 வரை இந்துமா கடலில் பெரிய போர் வராது என்று யாரும் எழுதித் தரவில்லை. போரிடும் நாட்டின் கப்பல் நடுநிலைத் துறைமுகத்தில் 24 மணி நேரம், ஒரே சமயத்தில் மூன்று கப்பல், தன் நாட்டின் அருகிலுள்ள துறைமுகம்வரை போகப் போதுமான எரிபொருள் என்று ஹேக் உடன்படிக்கையில் வரம்புகள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை இந்த 99 தாங்கிகளுக்கும் பொருத்தி, யார் நடத்தும் தாங்கியானாலும் விதி ஒன்றே என்று பாராளுமன்றம் இப்போதே சட்டமாக்கட்டும். மூன்று மொழியிலும் அச்சிட்டு, கொழும்பிலிருக்கும் எல்லாத் தூதரகங்களுக்கும் ஒரே நாளில் அனுப்பட்டும்.